வானத்தில் ஆசியாவின் பெயர்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சூரியனைச் சுற்றி வரும் சிறு கிரகங்களின் ஜாபிதாவில் 67-வது எண்ணுக்கு நேராக ஆசியா என்ற பெயர் காணப்படுகிறது. அந்தக் கிரகம் கண்டுபிடிக்கப்பட்டது நமது சென்னை நகரில், நுங்கம்பாக்கத்தில்; நாள் 1861-ம் வருஷம் ஏப்ரல் 17. கண்டுபிடித்துப் பெயர் சூட்டியவர் நார்மன் ராபர்ட் போக்ஸன் என்ற ஆங்கிலேயர். அக்காலத்திய சர்க்காரின் சம்பளம் பெற்று வந்தவர். நம்மை ஆண்டவர்கள் ஊருக்கும் தெருவுக்கும் மலைக்கும் துறைமுகத்துக்கும் தங்கள் ராணியின் பெயரையும் கவர்னர்களின் பெயரையும் சூட்டி மகிழ்ந்திருந்த காலத்தில், அவர்களில் ஒருவர் வானத்தில் தாம் கண்ட உலகத்துக்கு நமது கண்டத்தின் பெயரை வைத்தார். அவருடைய சரித்திரம் நம் அன்பர்களுக்கு அதிகமாகத் தெரியாது. அன்னிய ஆட்சியில் உத்தியோகம் பார்த்தவர் என்ற காரணத்துக்காக ஒருவருடைய உழைப்பை மறைப்பது நமக்கு அழகன்று. அந்த உழைப்பைப் புகழும் வேகத்தில், அவர் அருகே நின்று உழைத்த நம்மவரை மறந்துவிடுவதும் நியாயமன்று.

கிரகங்களுக்குப் பெயரிடுவதில் ராஜபக்திக்கும் சாஸ்திரத்துக்கும் நெடுநாள் வழக்கு நடந்திருக்கிறது. 1781-ல் யுரேனஸைக் கண்ட ஹெர்ஷல், அதற்கு இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னருடைய பெயரைச் சூட்ட விரும்பினார். மற்ற தேசத்தார் அதை ஏற்கவில்லை. 1801-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி, சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவில் பியாட்ஸி என்ற பாதிரியார் முதல் சிறு கிரகத்தைக் கண்டார். ரோமருடைய தானிய தேவதையான சீரிஸின் பெயரோடு தம் அரசரான பெர்டினாண்டின் பெயரையும் சேர்த்து வைத்தார். அரசர் பெயர் உதிர்ந்து போயிற்று. தேவதையின் பெயர் நிலைத்தது. பிறகு பாலஸ், ஜூனோ, வெஸ்டா என்று கிரேக்க, ரோமானிய தேவதைகளின் பெயர்களையே வைக்கும் வழக்கம் ஏற்பட்டது. 1850-ல் லண்டனில் ஹைண்டு என்பவர் 12-வது சிறு கிரகத்தைக் கண்டு, விக்டோரியா என்று பெயரிட்டபோது மறுபடியும் சச்சரவு மூண்டது. உயிரோடிருக்கும் ராணியின் பெயர் வானத்தில் ஏறலாகாது என்று அமெரிக்க வான சாஸ்திரிகள் சிலர் ஆட்சேபித்து, கிளியோ என்ற வேறு பெயரை வழங்கினார்கள். விக்டோரியா என்பது ரோமருடைய ஜய தேவதையின் பெயருந்தான் என்று சமாதானம் சொல்லப்பட்டது. அந்தப் பெயரே நிலைத்தும் விட்டது. கெட்டிக்காரத்தனமான சமாதானம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த ஹைண்டுதான் போக்ஸனுக்கு வழிகாட்டியாக அமைந்தவர். போக்ஸன் 1829-ம் வருஷம் மார்ச் 23-ந் தேதி இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரில் பிறந்தார். தகப்பனார் நெசவுத் தொழிலைச் சார்ந்த வியாபாரி. கணக்கில் பிள்ளைக்கிருந்த அபாரமான ருசி, வியாபாரத்தை விட்டு வானத்தின் பக்கம் அவரைத் திருப்பிற்று. 1851-ல் லண்டனில் பிஷப் என்ற தனவந்தர் வைத்திருந்த வானிலைக் கூடத்தில் உதவியாளராக அமர்ந்தார். அடுத்த வருஷமே ஆக்ஸ்போர்டிலுள்ள ராட்கிளிப் வானிலைக் கூடத்துக்குச் சென்றார். அங்கே 1856-ல் ஐஸிஸ் என்ற 42-வது சிறு கிரகத்தையும், 1857-ல் அரியாட்னி, ஹெஸ்டியா என்ற இரண்டையும் கண்டார். ஐஸிஸ் எகிப்தியருடைய தேவதை. ஆக்ஸ்போர்டு வழியாக ஓடும் தேம்ஸ் நதிக்கும் அவ்வூரில் அதே பெயர். போக்ஸனுடைய மூத்த பெண்ணின் பெயரும் ஐஸிஸ்தான். தகப்பன் கண்ட கிரகத்தோடு மகளின் பெயர் பொருந்தி நின்றதைப் பற்றி வான சாஸ்திர சரித்திரக்காரர்கள் இன்றும் சுவையாகப் பேசுகிறார்கள்.

அவருடைய கீர்த்தி உலகமெங்கும் பரவியதற்குக் கிரகங்கள் மட்டும் காரணமல்ல. நட்சத்திரங்களைப் பிரகாசத்தின்படி ஆறு வகுப்பாகப் பிரிப்பது பண்டைக் கிரேக்கர் காலத்து வழக்கம். முதல் வகுப்பு மிகப் பிரகாசமானது. ஆறாம் வகுப்பு வெறுங்கண்ணுக்கு மங்கலாகத் தெரிவது. ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் வித்தியாசம் எவ்வளவு என்பதில் ஆளுக்கொரு கணக்கு இருந்தது. தூரதிருஷ்டிக் கண்ணாடி வந்து, வெறுங்கண்ணுக்கு எட்டாத நட்சத்திரங்களும் கணக்கில் சேர்ந்தபின் குழப்பம் வளர்ந்தது. சிறு கிரகங்களைத் தேடுகிறவருக்கு இது பெருந் தொல்லை. இன்ன மாதத்தில் இன்ன கிரகம் எவ்வளவு மங்கலாயிருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தாலல்லவா தேட முடியும்? 1856-ல், அன்று தெரிந்திருந்த சிறு கிரகங்களில் 36-ன் பிரகாசத்தை மாதவாரியாகக் கணித்து வெளியிட முற்பட்ட போக்ஸன், ஒரு வகுப்புக்கும் அடுத்ததற்கும் 2.512 மடங்கு வித்தியாசம் என்று வரையறுத்துக்கொண்டார். அப்படிக் கொண்டால் ஐந்து வகுப்பு இறங்கும்போது வெளிச்சம் சரியாக 100-ல் ஒரு பங்காகும். லாகரிதக் கணக்கும் சுலபமாகும். தம் வசதிக்காக அவர் எடுத்துக்கொண்ட அந்த எண், போக்ஸன் விகிதம் என்ற பெயரோடு இன்றளவும் எல்லாத் தேசத்து வானிலைக் கூடங்களிலும் வழங்கி வருகிறது.

இவ்வளவு இருந்தும் சொந்த நாட்டில் அவருக்குத் தகுந்த ஸ்தானம் கிடைக்கவில்லை. பல்கலைக் கழகப் பட்டமோ, பெரிய இடத்துச் சொந்தமோ இல்லாதவர். குடும்பம் பெரிது. 1860-ல் சென்னைச் சர்க்கார் வான சாஸ்திரி உத்தியோகம் கிடைத்ததும் ஏற்றுக்கொண்டு, 1861-ம் வருஷ ஆரம்பத்தில் சென்னை வந்து சேர்ந்தார்.

அவர் வந்து சேர்ந்த வானிலைக் கூடம் பழமையானது. 1786-ல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் சொந்தச் செலவில் தொடங்கியதைக் கம்பெனி ஏற்று, 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பிற்று. கருவியைத் தாங்குவதற்கு நாட்டிய கருங்கல் தூணில் தமிழிலும் தெலுங்கிலுங்கூட அந்தச் செய்தியைப் பொறித்தார்கள். அந்தத் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. ரெயில்வேக்கள் வந்தபின், இங்கே கணிக்கப்பட்ட சென்னை மணியே தேசம் முழுவதும் ஓடிய ரெயில்களுக்குப் பல வருஷ காலம் ஆதாரமாயிருந்தது.

புதிய இடத்தில் கால் ஊன்றி இரண்டு மூன்று மாதத்துக்குள் போக்ஸன் ஆசியாவைக் கண்டார். எப்படிக் கண்டார் என்பதை அறிந்தால்தான் அந்த உழைப்பின் அருமை விளங்கும். சிறு கிரகம், பார்வைக்கு நட்சத்திரத்தினின்று வேறுபடாத ஒரு புள்ளி. ஆகாயத்தின் ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள மங்கலான நட்சத்திரங்களையெல்லாம் படமாக வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும். மறுநாள் இரவும் அதற்கு மறுநாளும் அந்தப் படத்தை வானத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். படத்தில் இல்லாத புள்ளி ஒன்று தோன்றி, அது இரவுக்கிரவு இடமும் மாறுமானால் அதுவே கிரகம். போட்டோ வழியாகத் தேடும் முறை ஏற்பட இன்னும் 30 வருஷம் இருந்தது. பனியிலும் கொசுக்கடியிலும் கண்ணும் கையுமாகச் செய்ய வேண்டிய வேலை. நெய்வேலிச் சுரங்கங்களும் அனல் மின்சார நிலையங்களும் இரவெல்லாம் விளக்கெரிக்கும் பிரதேசத்தில், வடக்குத்து முதலிய ஊர்களிலிருந்து இதை வாசிக்கும் அன்பர்களுக்கு, மின்சார விளக்கென்பதே இல்லாத அந்நாளைய நுங்கம்பாக்கத்து இரவு எவ்வளவு கரியதாயிருந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதே கஷ்டமாயிருக்கலாம். அந்தக் கருமைதான் போக்ஸனுக்குக் கிடைத்த முதல் மூலதனம்.

அக்காலத்தில் கிரகங்களுக்குப் பெயர் வழங்க உலகப் பொதுச் சபை ஏதும் கிடையாது. கண்டவரே பெயர் வைப்பார், அல்லது தாம் மதிக்கும் ஒருவரை வைக்கச் சொல்வார். ஐரோப்பிய சாஸ்திரப் பத்திரிகைகளில் செய்தி வெளியானதும் பெயர் நிலைபெற்றுவிடும். ஆசியாக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறு கிரகம் அது. ஆகவே ஆசியா என்றார் போக்ஸன். கிரேக்கப் புராணத்தில் சமுத்திர ராஜனுடைய புத்திரிகளில் ஒருத்திக்கும் அதே பெயர் உண்டாதலால் பழைய சம்பிரதாயமும் கெடவில்லை. சுமார் மூன்றே முக்கால் வருஷத்துக்கு ஒரு முறை அது சூரியனைச் சுற்றி வருகிறது. 1857-ம் வருஷப் புரட்சி அடங்கிச் சில வருஷமே ஆகியிருந்த காலம். சென்னையிலிருந்த வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் ஒருவர் கவர்னரையோ ராஜப் பிரதிநிதியையோ மகிழ்விக்க நினைத்திருந்தால் அதற்குத் தடை சொல்ல யாருமில்லை. போக்ஸன் அவ்வழியில் செல்லவில்லை.

1864-ல் 80-வது கிரகத்தைக் கண்டு, ஸாப்போ என்ற கிரேக்கப் பெண் கவியின் பெயரை வைத்தார். 1866-ல் கண்டது ஸில்வியா. ரோமாபுரியை ஸ்தாபித்ததாகச் சொல்லப்படும் இரட்டையரின் தாய் பெயர் அது. 1868-ல் கமில்லா. 1885-ல் கடைசியாக வேரா. சென்னையில் ஐந்து, ஆக்ஸ்போர்டில் மூன்று, ஆக எட்டு. ஸில்வியாவைப் பற்றிப் பிற்காலத்தில் ஒரு விநோதம் தெரிய வந்தது. அதை இரண்டு சந்திரர்கள் சுற்றி வருகின்றன என்பதை 2005-ல் வெளியிட்டார்கள். இரட்டைச் சந்திரர்களை உடைய சிறு கிரகமாக முதன்முதலில் அறியப்பட்டது அதுவே. தாயின் பெயருக்கேற்ப அச்சந்திரர்களுக்கு ரோமுலஸ், ரேமஸ் என்று அவள் பிள்ளைகளின் பெயரையே வைத்தார்கள். நுங்கம்பாக்கத்தில் 139 வருஷத்துக்கு முன் நடந்த நாமகரணம் அப்படிப் பூர்த்தியாயிற்று.

இனி நம்மவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். போக்ஸன் வருவதற்கு முன்பே சென்னை வானிலைக் கூடத்தில் சிந்தாமணி ரகுநாதாசாரியார் வேலை பார்த்து வந்தார். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். சிறு பதவியில் சேர்ந்து, சொந்த முயற்சியால் படிப்படியாக உயர்ந்து முதல் உதவியாளரானார். உச்சி ரேகையைக் கடக்கும் நட்சத்திரங்களின் ஸ்தானத்தை அளக்கும் பெருங் கருவி அவருடைய பொறுப்பில் இருந்தது. ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களை அளந்த அந்தக் கண்ணுக்கு, 1867-ல் தென் வானத்தில் ரெட்டிகுலம் என்ற மண்டலத்திலுள்ள ஒரு நட்சத்திரம் பிரகாசத்தில் ஏறி இறங்குவது புலப்பட்டது. நவீன முறையில் இந்தியர் ஒருவர் செய்த வானக் கண்டுபிடிப்புகளில் முதன்மையாகப் பேசப்படுவது அது. 1868-ம் வருஷம் ஆகஸ்டு 18-ந் தேதி பூரண சூரிய கிரகணத்தைப் பார்க்கப் போக்ஸன் மசூலிப்பட்டினத்துக்குச் சென்றபோது, ரகுநாதாசாரியார் ஹைதராபாத் ராஜ்யத்திலிருந்த வனபர்த்திக்குத் தனிக் கோஷ்டியோடு அனுப்பப்பட்டார். 1872-ல் லண்டன் ராஜீய வான சாஸ்திர சங்கம் அவரை அங்கத்தினராக ஏற்றுக்கொண்டது. இந்தியரில் அந்தக் கௌரவம் பெற்ற முதல்வர் அவரே.

அவர் சர்க்கார் வேலையோடு நின்றவருமல்லர். வாக்கியங்களை மட்டும் நம்பிப் பஞ்சாங்கம் கணித்தால் வானத்துக்கும் ஏட்டுக்கும் பொருத்தம் தவறிவிடும். கண்ணால் கண்டு திருத்த வேண்டும் என்று வாதாடி, திருக்கணித முறையில் பஞ்சாங்கம் வெளியிட்டு வந்தார். 1874-ம் வருஷம் டிசம்பர் 9-ந் தேதி சுக்கிரன் சூரிய பிம்பத்தைக் கடந்து சென்ற அபூர்வ சம்பவத்தைப் பொது ஜனங்கள் அறிந்துகொள்வதற்காக ஒரு சிறு நூல் எழுதி, ஆங்கிலத்திலும் தேச பாஷைகளிலும் பரப்பினார். ஜனங்களுக்கு அவர்கள் பாஷையில் சாஸ்திரம் சொல்ல வேண்டுமென்ற எண்ணம், காங்கிரஸ் மகாசபை பிறப்பதற்குப் பதினோரு வருஷம் முன்பே ஒரு வானிலைக் கூட உத்தியோகஸ்தருக்கு இருந்ததை நாம் கவனிக்க வேண்டும்.

போக்ஸன் இவரை மதித்தார். அங்கத்தினர் பதவிக்கு இவர் உயர்ந்ததில் அவருக்கும் பங்குண்டு. ஆயினும் உத்தியோக ஏணியில் ஒரு படிக்கு மேல் இந்தியர் ஏற முடியாதென்ற ஏற்பாட்டைப் போக்ஸன் மாற்றவுமில்லை. மாற்றும் அதிகாரம் அவரிடம் இருக்கவுமில்லை. 1880-ம் வருஷம் ரகுநாதாசாரியார் காலமானார். போக்ஸனுக்கு வலக்கை போனது போலாயிற்று.

இடையே 1872-ல் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பீலா என்ற வால் நட்சத்திரம் சில காலமாகக் காணாமற் போயிருந்தது. அந்த நவம்பர் 27-ந் தேதி ஐரோப்பாவில் எரிநட்சத்திரங்கள் மழையாகப் பொழிந்தன. பீலா பூமியை உராய்ந்து சென்றிருக்கிறது, தெற்கு வானத்தில் தேடிப் பார்க்கவும் என்று ஜெர்மனியிலிருந்து கிளிங்கர்ப்யூஸ் என்ற பேராசிரியர் சென்னைக்குத் தந்தி அடித்தார். டிசம்பர் ஆரம்பத்தில், மேகம் விலகிய இரண்டு நாட்களில் விடியற்காலையில் போக்ஸன் அந்தத் திக்கில் ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டார்! மூன்றாவது முறை பார்ப்பதற்கு மேகம் இடம் கொடுக்கவில்லை. மூன்று ஸ்தானங்கள் இல்லாமல் பாதையைக் கணிக்க முடியாது. அது பீலா அன்று, வேறொன்று என்பதே பின்னால் வந்தவர்களின் முடிவு. தந்தியை நம்பித் தேடிய இடத்தில் தற்செயலாக வேறொரு வால் நட்சத்திரம் அகப்பட்டது சாஸ்திர சரித்திரத்தில் அரிதினும் அரிது.

வீட்டிலும் அவருக்குச் சுகமில்லை. 1869-ல் மனைவி இறந்தார். 1873 முதல் மகள் ஐஸிஸ் தகப்பனாருக்கு உதவியாளராக வானிலைக் கூடத்தில் வேலை செய்தார். பின்னர் சென்னை ராஜதானியின் மழை, காற்று விவரங்களைத் திரட்டும் பொறுப்பையும் வகித்தார். 1886-ல் மகளை லண்டன் சங்கத்தில் அங்கத்தினராக்கும்படி போக்ஸன் பிரேரேபித்தார். சங்கத்தின் சாசனம் பெண்களுக்கு இடம் தரவில்லையென்று பிரேரணையை மீட்டுக்கொள்ள நேர்ந்தது. 1920-ல்தான் ஐஸிஸ் அம்மையார் அங்கத்தினரானார். சென்னைப் பிராமணர் ஒருவரை 1872-ல் ஏற்றுக்கொண்ட சங்கம் தன் நாட்டுப் பெண்மணியை ஏற்க மேலும் 48 வருஷம் எடுத்துக்கொண்டது.

1868-க்கும் 1885-க்கும் இடையே 17 வருஷம் போக்ஸன் புதிய கிரகம் ஒன்றும் காணவில்லை. சோம்பல் என்று சிலர் தூற்றினார்கள். உண்மை வேறு. வானிலைக் கூடத்துக்கு ஆள் போதவில்லை. கேட்ட உதவியைச் சர்க்கார் கொடுக்கவில்லை. பெருங் கருவியில் 1862 முதல் 1887 வரை எடுத்த அளவுகள் மலைபோல் குவிந்து, கணித்து அச்சேற்ற வழியின்றிக் கிடந்தன. அந்தப் பிரசுரம் முற்றுப்பெற்றது அவர் இறந்த பிறகே. அவரும் ஒருவருக்கும் வளைந்து கொடுக்காத சுபாவமுள்ளவர். லண்டனிலிருந்த பெரிய மனிதர்களோடு மனஸ்தாபம் வளர்ந்தது. 30 வருஷத்தில் ஒரு முறைகூட அவர் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை.

1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் தென்னாட்டில் லட்சக்கணக்கானவர் மாண்டனர். சூரியனிலுள்ள கரும்புள்ளிகளுக்கும் மழைக்கும் சம்பந்தமுண்டா என்ற ஆராய்ச்சியில் அதன் பிறகு சர்க்காருக்குச் சிரத்தை பிறந்தது. பஞ்சம் நடந்த காலத்தில் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்ததைப் பற்றி அவ்வளவு சிரத்தை காட்டியிருந்தால் சூரியனுக்கு அந்தப் பழி வந்திராது. எப்படியாயினும் அந்த யோசனையிலிருந்தே மலைமேல் ஒரு சூரிய ஆராய்ச்சி நிலையம் வேண்டுமென்ற திட்டம் உருவாயிற்று. தென்னாட்டு மலையொன்றில் பெரிய தூரதிருஷ்டிக் கண்ணாடி நிறுவ வேண்டுமென்று போக்ஸனும் வற்புறுத்தி வந்தார். அது கைகூடுமுன் 1891-ம் வருஷம் ஜூன் மாதம் சென்னையிலேயே காலமானார். 1899-ல் வானிலைக் கூடம் கோடைக்கானலுக்கு மாறிற்று.

பிறருக்கும் பிற தேசத்துக்கும் பெயர் சூட்டியவருக்குத் தம் பெயரில் ஒரு கிரகம் கிடைக்க வெகு காலம் ஆயிற்று. 1968-ல் ஸ்விட்ஸர்லாந்தில் கண்டறியப்பட்ட 1830-வது சிறு கிரகம் போக்ஸன் என்று வழங்குகிறது.

இப்போது பெயரிடுதல் ஓர் ஒழுங்குக்கு வந்துவிட்டது. 1919-ல் ஏற்பட்ட சர்வதேச வான சாஸ்திரச் சங்கத்தின் கமிட்டி ஒன்று இதை நிர்வகிக்கிறது. புதிதாகக் காணும் கிரகத்துக்கு முதலில் வருஷத்தையும் எழுத்துக்களையும் கொண்ட தற்காலிக அடையாளம். பாதை ஐயமறத் தெரிந்தபின் நிரந்தர எண். அதன் பிறகு பத்து வருஷம் வரை பெயரைச் சிபார்சு செய்யும் உரிமை கண்டவருக்கு. ஆங்கில எழுத்தில் 16-க்கு மேற்படலாகாது. வியாபாரப் பெயர் கூடாது. நம் போன்ற அரசியல்வாதிகளுக்குச் சுவையான விதி ஒன்றும் உண்டு: அரசியலாலோ யுத்தத்தாலோ புகழ்பெற்றவராயின், இறந்து 100 வருஷம் கழித்தே அவர் பெயரை வைக்கலாம். ஆட்சியும் கோபமும் ஆரவாரமும் அடங்கியபின் எஞ்சுவது என்ன என்று பார்ப்பதற்கு 100 வருஷம் அதிகமென்று தோன்றவில்லை. விஞ்ஞானிகளுக்கும் கலைஞர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் இந்தத் தடை கிடையாது. நம் சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்தின் பெயர் 4538-வது கிரகத்துக்கு அவர் வாழ்நாளிலேயே அமைந்திருக்கிறது. இன்று எண் பெற்றவை ஏழு லட்சத்துக்கு மேல். பெயர் பெற்றவை அவற்றில் மிகச் சிறு பகுதியே.

போக்ஸன் 1885-ல் வேராவைக் கண்டபின், நம் தேசத்துத் தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்றில் புதிய சிறு கிரகம் அகப்படுவதற்கு நூறு வருஷத்துக்கு மேல் சென்றது. 1988-ம் வருஷம் பிப்ரவரி 17-ந் தேதி ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானிலைக் கூடத்தில் ராஜமோகன் முதலிய இந்திய விஞ்ஞானிகள் ஒன்றைக் கண்டார்கள். அது 4130-வது எண்ணைப் பெற்றது. ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாயிருந்து, 1920-ல் 32 வயதில் மறைந்த கணித மேதை ராமானுஜனுடைய பெயரை அதற்கு வைத்தார்கள். தமிழ்நாட்டு மலையில், தமிழ்நாட்டாருடைய கண்ணில் பட்டு, தமிழருடைய பெயரைத் தாங்கிய கிரகம்.

ரகுநாதாசாரியார் கண்ட நட்சத்திரத்துக்கு அவர் பெயர் கிடையாது. பிரகாசம் மாறும் நட்சத்திரங்களை மண்டலத்தின் பெயரோடு ஓர் எழுத்தைச் சேர்த்து அழைப்பதே விதியாதலால், ஆர் ரெட்டிகுலி என்று அதை வான சாஸ்திரிகள் குறிக்கிறார்கள். சுமார் ஒன்பது மாதத்துக்கு ஒரு முறை அது பிரகாசித்து மங்குகிறது. வெறுங்கண்ணுக்கு எட்டாது. தை மாதத்து முன்னிரவில் வடக்குத்திலிருந்து தெற்கே நோக்கினால், அடிவானத்துக்குச் சற்று மேலே, பனையுயரத்தில் அதன் இருப்பிடம்.